மாஸ்டரின் காருக்குப் பிரேக் பிளாஷர் பூட்டிய விபரம்

கார்களுக்கு ரேடியோவும் விளக்கும் பூட்டும் நம் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். நான் வேலையை விட்டு ஏழு மாதம் ஆகிறது. டாஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்து வயர் தேடும் வேலைக்கு ஐம்பத்தெட்டு வயதுக் கழுத்து உடன்படவில்லை. கழுத்தோடு வாதாடிப் பார்த்தேன். அது வென்றது.

என்னிடம் முப்பத்தொரு குறிப்பேடுகள் இருக்கின்றன. கடைக்கு வந்த ஒவ்வொரு வாகனத்துக்கும் அரைப்பக்கம். வந்த நேரம், முறைப்பாடு, செய்த வேலை, போன நேரம், வானிலை. காருக்குள் ரேடியோ பூட்டுவதற்கு வானிலை எதற்கு என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை.

எந்த வயரை எதனோடு இணைப்பது என்று இங்கே எழுதப்போவதில்லை. பெட்டிக்குள் வரும் தாள் அதைச் சொல்லும். தாள் பொய் சொன்னால் மின்சாரம் பார்க்கும் மீற்றர் உண்மை சொல்லும். இரண்டும் சொல்லாத ஒன்றை நான் இருபத்தாறாம் குறிப்பேட்டில்தான் கற்றேன். அதற்கு முந்திய இருபத்தைந்தாம் குறிப்பேட்டிலேயே அது இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

மாஸ்டர் என்று நான் சொல்பவர் கார் ஓட்டப் பழக்குபவர். அப்போது அவருக்கு அறுபத்துமூன்று வயது. கனடாவில், நம் மல்வேர்னில் நீங்கள் பார்க்கும் தமிழர்களில் பலர் அவரிடம் பழகியவர்கள். வெள்ளை நிறச் சிறிய கார். கூரையில் பள்ளியின் பெயர்ப்பலகை. பயிலுநரின் பக்கத்து இருக்கையில் அவர் இருப்பார். அவரது காலடியிலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. அதை அழுத்தினால் ஒரு கம்பி ஓட்டுநர் பக்கத்துப் பெடலைக் கீழே இழுக்கும். பழகுபவர்கள் பதறாமல் இருப்பதற்காகக் காரில் எப்போதும் மெல்லிய சத்தத்தில் கீர்த்தனை ஓடும். அவர் குரல் உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை 9.40க்கு அவர் கடைக்கு வந்தார். பின் பம்பர் நெளிந்திருந்தது.

"தம்பி, என்ர காரின்ர பின்பக்கத்துக்குக் கண்ணூறு பட்டுப்போச்சு," என்றார். "முன்னுக்கு ஒரு கீறல் காட்டும் பாப்பம்? இல்லை. வாறவன் எல்லாம் பின்னால வந்துதான் அடிக்கிறான்."

ஒன்றரை வருடத்தில் இது மூன்றாவது முறை. மூன்று முறையும் பிழை பின்னால் வந்தவருடையது என்றுதான் எழுதப்பட்டது. ஆனால் காப்புறுதிக்காரர் பொறுமை இழந்துவிட்டார்கள். இன்னுமொரு முறை நடந்தால் புதுப்பிக்கும்போது யோசிக்க வேண்டிவரும் என்று கடிதம் வந்திருந்தது. ஓட்டப் பழக்கும் காருக்குச் சாதாரணக் காப்புறுதி போதாது. அது கைவிட்டுப் போனால் பள்ளியும் போய்விடும். கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். எனக்குக் காட்டிவிட்டு நான்காக மடித்துத் திரும்ப வைத்தார்.

"இந்தக் கார் போச்செண்டா நான் என்ன செய்யிறது? எனக்குப் பக்கத்துச் சீற்றில இருக்கிறதைத் தவிர வேற தொழில் தெரியாது."

அதற்கு அவர் கண்டுபிடித்திருந்த மருந்துதான் பிரேக் பிளாஷர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. பின் கண்ணாடிக்கு மேலே இருக்கும் நடு பிரேக் விளக்கின் வயரில் அதைச் சேர்த்தால், பிரேக் அழுத்தியதும் விளக்கு முதலில் சில தரம் மின்னும், பிறகு நிலையாக எரியும். பின்னால் வருபவரின் கண்ணில் படும். பக்கத்து விளக்குகள் இரண்டும் வழமைபோல எரியும். (மின்னும் சிவப்பு விளக்குப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் நீங்களே புதிதாகப் பாருங்கள். அந்த விடயத்தில் என் குறிப்பேட்டை நம்ப வேண்டாம்.) அதில் மூன்று சிறு திருகுகள் உண்டு. ஒன்று எத்தனை தரம் மின்னுவது. மற்றது எவ்வளவு வேகமாக மின்னுவது. மூன்றாவது ஓய்வு நேரம். ஒருமுறை மின்னிய பிறகு குறிப்பிட்ட சில விநாடிகளுக்குள் மீண்டும் பிரேக் அழுத்தினால் மின்னாமல் சும்மா எரியும். அந்தச் சில விநாடிகளைத் தீர்மானிப்பது இந்தத் திருகு.

முதலாவது திருகுக்கே இருபது நிமிடம் போனது. நாலு தரம் போதும் என்று நான் சொன்னேன். நாலு இரட்டை எண், நல்ல காரியத்துக்கு ஒற்றை வேண்டும் என்றார் மாஸ்டர். மூன்று? மூன்றுதரம் ஏற்கெனவே அடித்துவிட்டார்கள், வேண்டாம். ஏழு? ஏழு என்றால் அவருக்கு ஏழரைச் சனி ஞாபகம் வருமாம். ஒன்பது தரம் மின்னி முடிவதற்குள் பின்னால் வருகிறவன் முன் சீற்றுக்கு வந்துவிடுவான் என்று முதலாளி உள்ளிருந்து குரல் கொடுத்தார். கடைசியில் பஞ்சாட்சரத்தை உத்தேசித்து ஐந்து என்று முடிவாகியது. எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது திருகில்தான் நான் வழுக்கினேன். ஓய்வு நேரம் என்றால் என்ன என்று விளக்கினேன்.

"லைற்றுக்கு என்னத்துக்கு ஓய்வு?" என்றார் மாஸ்டர். "நான் காலமை ஆறு மணியிலையிருந்து ஓய்வில்லாமல் இருக்கிறன். அதையும் அப்பிடியே விடும். ஒவ்வொருதரமும் மின்னோணும்."

திருகைக் கடைசிவரை இடப்பக்கம் திருப்பிப் பூச்சியத்தில் விட்டேன். குறிப்பேட்டில் 'வாடிக்கையாளர் விருப்பப்படி' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். பின்னால் பிழை வந்தால் நம்மேல் வராமல் இருப்பதற்காக நாம் எழுதும் சொல் அது. அதை எழுதக் கை போகும்போது பேனையை வைத்துவிட்டு, வாடிக்கையாளரிடம் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தரம் பிரேக் பிடிப்பீர்கள் என்று கேட்டிருந்தாலே போதும்.

பூட்டி முடித்ததும் பரிசோதித்தேன். பிரேக்கை அழுத்தவும் பின்னால் நின்று பார்க்கவும் இரண்டு பேர் வேண்டும். எனக்கு இன்னொருவருடைய கணக்கில் நம்பிக்கை இல்லாதபடியால், வீடு கூட்டும் தும்புத்தடியில் வெட்டிய ஒரு துண்டை வைத்திருந்தேன். கதவைத் திறந்து நின்றபடி அதனால் பெடலை அழுத்தி, கடைக் கண்ணாடியில் விழும் விம்பத்தைப் பார்ப்பேன். நாற்பது தரம் அழுத்தினேன். நாற்பது தரமும் ஐந்து மின்னல். மாஸ்டர் 12.15க்குப் புறப்பட்டார். முகில், காற்று இல்லை.

புதன்கிழமை அவர் திரும்பி வந்தபோது காரை நிறுத்திவிட்டு உடனே இறங்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் கிட்டப் போனேன்.

"நீர் என்னத்தைத் தம்பி பூட்டினீர்?" என்றார். "கலியாண மண்டபத்து வாசல் மாதிரி மின்னுதாம்."

நாலு நாளில் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்னால் வருபவர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள். ஒரு ட்ரக்காரர் சிவப்பு விளக்கில் பக்கத்தில் வந்து நின்று கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னார். அது என்னவென்று மாஸ்டர் எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார். ஒரு வயதான பெண்மணி டோனட் கடை வளவுவரை பின்தொடர்ந்து வந்து, உங்கள் காருக்கு ஏதோ சுகமில்லை என்று அன்பாகச் சொன்னாராம். பள்ளிக்கூட பஸ்ஸில் வந்த பிள்ளைகள் மின்னலுக்கு ஏற்பக் கையசைத்தார்கள். இவை எல்லாவற்றையும் தாங்கலாம். அன்று காலை ஒரு பொலிஸ்காரர் மறித்து, இதை உடனே சரிபார், அடுத்தமுறை கண்டால் தண்டப் பத்திரம் எழுதுவேன் என்று சொல்லிவிட்டார்.

பின் இருக்கையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "அண்ணை, எனக்கு வெள்ளிக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு ரோட் ரெஸ்ற். லைற்றுப் பிழையெண்டா காரைத் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

அது யசிந்தா. மன்னாரைச் சேர்ந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். மிசிசாகாவில் விமானநிலையத்துக்குக் கிட்ட உணவுத் தட்டு அடுக்கும் வேலை. மல்வேர்னிலிருந்து மூன்று பஸ் மாறிப் போய்வருகிறவர். ஐந்து மாதமாக மாஸ்டரிடம் பழகுகிறார். வாய் கொஞ்சம் அதிகம், ஆனால் மாஸ்டர் முன்னால் அடக்கி வைத்திருப்பார். பிறகு நாங்கள் பட்ட பாட்டுக்கு அதுதான் காரணம்.

தும்புத்தடியால் அழுத்தினேன். நாற்பதுக்கு நாற்பது. பெட்டியைக் கழற்றிப் புதியது பூட்டினேன். நாற்பதுக்கு நாற்பது. ஒரு மணித்தியாலத்தில் மாஸ்டர் தொலைபேசியில் அழைத்து அதே கூத்து என்றார். பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிச்சை மாற்றினேன். எர்த் வயரின் தொடுப்பைச் சுரண்டித் துப்புரவாக்கினேன். வியாழன் மதியம் மாஸ்டர் மூன்றாவது தடவையாக வந்து கடை வாசலில் நின்றார்.

முதலாளி என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். "கழட்டி விடு. காசைத் திருப்பிக் குடு. ஆள் ஊர் முழுக்கச் சொல்லப்போறார்."

கழற்றியிருந்தால் பதினைந்து நிமிட வேலை. மின்னல் நின்றுவிடும். யசிந்தாவின் பரீட்சை நடக்கும். எல்லோரும் என்னை விட்டுவிடுவார்கள். நான் ஸ்குரூட்ரைவரைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் ஒன்று இடித்தது. மூன்று பேர் இந்தக் காரின் பின்னால் வந்து அடித்தது என் பெட்டி வருவதற்கு முன்பு. அப்போது எதுவும் மின்னவில்லை. பெட்டியை எடுத்தால் இந்த வாரத்து முறைப்பாடு தீரும். அந்த மூன்று அடிக்கும் காரணம் எதுவோ அது அங்கேயே இருக்கும், நாலாவதற்குக் காத்துக்கொண்டு.

அவசரத்தில் நமக்கு முன்னால் எப்போதும் இரண்டு வேலைகள் நிற்கும். ஒன்று வாடிக்கையாளரின் வாயை மூடுகிற வேலை. மற்றது வாகனத்தின் வேலை. முதலாவது எப்போதும் பதினைந்து நிமிடத்தில் முடியும். அதை வைத்தே அடையாளம் காணலாம்.

"நான் பின்னால வாறன் மாஸ்டர், நீங்கள் வழமையா ஓடுறமாதிரி ஓடுங்கோ," என்றேன்.

பிற்பகல் 3.20. வெயில், தெரு உலர்ந்திருந்தது. அன்றும் பழக வந்திருந்த யசிந்தா ஓட்ட, பக்கத்தில் மாஸ்டர். என் காரில் நான் பின்னால். மோர்னிங்சைட் அவெனியூவில் தெற்கே திரும்பியதும் ஆரம்பித்தது. முன்னால் வாகனமே இல்லை, கார் ஒரே வேகத்தில் போகிறது, ஆனால் பிரேக் விளக்கு எரிகிறது, அணைகிறது, எரிகிறது, அணைகிறது. ஒவ்வொரு தரமும் நடு விளக்கு நான் வைத்தபடி விசுவாசமாக ஐந்துதரம் மின்னப் பார்க்கிறது. சில தரம் முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

நான் எண்ணத் தொடங்கினேன். அது என் வழக்கம். முதல் கிலோமீற்றரில் நாற்பத்துமூன்று. அடுத்ததில் நாற்பத்தைந்து. அப்போதுதான் உறைத்தது. பழுது என்பது ஒழுங்கில்லாத சாமான். தளர்ந்த வயர் பள்ளத்தில் விழுந்தால் மின்னும், மேட்டில் ஏறினால் நிற்கும். இது பள்ளத்தையும் மேட்டையும் கவனிக்கவே இல்லை. என்னைவிட ஒழுங்காக இருந்தது. போதாக்குறைக்கு, நான் என் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டல் விளக்கோடு பொருந்தியது. எட்டுக்கு ஒருமுறை என் தலையும் ஆடியது.

இன்னும் சரியாக எண்ணவேண்டும் என்று கிட்டப் போனேன். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. விளக்கு எரிகிறது. தொண்ணூற்றொன்பது. விளக்கு எரிகிறது, நிற்கவில்லை, நிலையாக எரிகிறது, மாஸ்டரின் கார் பெரிதாகிக்கொண்டே வருகிறது, இது ஏன் நூறாவதாக மாறவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காலை முழுப்பலத்தோடு ஊன்றினேன். ரயர் கத்தியது. கண்ணை மூடினேன் என்றும் எழுதவேண்டும், ஏனெனில் மூடினேன்.

திறந்தபோது தெருவுக்குக் குறுக்கே இரண்டு வாத்துகளும் ஆறு குஞ்சுகளும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. யசிந்தா அவற்றுக்காக முறைப்படி நிறுத்தியிருந்தார். நான் இறங்கி, இடுப்பில் இருந்த அளவுநாடாவை இழுத்து இரண்டு பம்பர்களுக்கும் இடையில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்க வேண்டாம். பயந்தால் எனக்கு எதையாவது அளக்கவேண்டும்.

மாஸ்டர் இறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது. அவர் குரல் உயர்ந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

"என்ன அளக்கிறீர்?"

"பதினொரு அங்குலம், மாஸ்டர்."

"அளந்து சேட்டிபிக்கற் தரப்போறீரோ? லைற் எரிஞ்சது தெரியேல்லையே உமக்கு?"

தெரிந்தது. அதுதான் விடயம். தொண்ணூற்றெட்டுத் தரம் எரிந்ததைப் பார்த்தேன், ஒரு தரமும் கார் நிற்கவில்லை. தொண்ணூற்றொன்பதாவதை நான் நம்பவில்லை. அந்த மூன்று பேரும் இப்படித்தான் வந்து அடித்திருப்பார்கள். நாலாவது ஆளாக, இன்சூரன்ஸ்காரரின் கடைசிப் பொறுமையாக, நானே வந்திருக்க வேண்டியது. பதினொரு அங்குலத்தில் தப்பினோம்.

பக்கத்துக் கடைத்தொகுதியின் வளவுக்குள் காரை விடச் சொன்னேன். உள்ளே விளக்கேற்றாத ஒரு சேலைக் கடையின் பெரிய கண்ணாடிக்குப் பின்பக்கம் காட்டி நிறுத்தினோம். நான் பின் இருக்கையில் ஏறினேன். என்ஜின் ஓடுகிறது. கீர்த்தனை ஓடுகிறது. திரும்பிப் பார்த்தால் கண்ணாடியில் எங்கள் விளக்கு மின்னுகிறது, அதன் சிவப்பு வெளிச்சத்தில் கூறைச்சேலை கட்டிய பொம்மை ஒன்று தோன்றித் தோன்றி மறைகிறது. முன்னே குனிந்து பார்த்தேன். மாஸ்டரின் வலது சப்பாத்து அவருடைய பெடலில் தட்டிக்கொண்டிருந்தது. மெல்ல, மிக அழகாக. பெடல் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. கார் வேகம் குறைய அது போதாது. விளக்கு எரிய அது தாராளம்.

"பாட்டை ஒருக்கா நிப்பாட்டுங்கோ, மாஸ்டர்."

நிறுத்தினார். விளக்கு அணைந்தது. பொம்மை இருட்டுக்குள் போனது.

"இப்ப போடுங்கோ."

போட்டார். பொம்மை திரும்ப வந்தது.

மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் போய் அவர் முகத்தில் ஒரு வெற்றி. "பிடிச்சன் பாத்தீரோ? ரேடியோ வயரையும் பிரேக் வயரையும் ஒண்டாக் குடுத்துப்போட்டீர். அதுதானே பாட்டுக்கு மின்னுது."

இதுதான் நான் உங்களுக்கு எழுத வந்த இடம். எனக்கு ஒரு நல்ல பொய் தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. 'ஓம் மாஸ்டர், வயர் மாறிப்போச்சு, என்ர பிழை' என்று சொன்னால் போதும். மாணவியின் முன்னால் மாஸ்டருக்கு மாஸ்டரின் பிழையைச் சொல்லத் தேவையில்லை. நம்மவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்று உங்களுக்குத் தெரியும். ரேடியோவைக் கழற்றி எடுத்துவிட்டு அனுப்பலாம். ஆனால் அந்தக் கால் ரேடியோவை நம்பி இருக்கும் கால் இல்லை. பாட்டு இல்லாவிட்டால் தானே பாடிக்கொள்ளும். நாலாவது ஆள் எங்கோ மோர்னிங்சைட்டில் வந்துகொண்டிருப்பான், அவனிடம் அளவுநாடாவும் இருக்காது.

வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. யசிந்தா முந்திவிட்டார்.

"கோவிக்காதேங்கோ மாஸ்டர். உங்கட கால்."

"என்ர காலுக்கு என்ன?"

"தாளம் போடுது."

மாஸ்டர் கீழே பார்த்தார். கால் அந்த நேரத்திலும் நிற்கவில்லை. கீர்த்தனை சரணத்துக்கு வந்திருந்தது.

"இது எப்ப தொடக்கம்?"

"நான் வந்த முதல் நாளிலையிருந்து," என்றார் யசிந்தா. "அது உங்கட மெதட் எண்டெல்லோ நான் நினைச்சன். அஞ்சு மாதமா அந்தத் தாளத்துக்குத்தான் நான் கார் ஓடுறன். தாளம் கூடினா ஸ்பீட் கூடிப்போச்செண்டு விளங்கிக் காலை எடுப்பன்."

"அப்பிடி உமக்கு ஆர் சொன்னது?"

"என்ர தங்கச்சி. அவளும் உங்களிட்டத்தானே பழகினவள். மாஸ்டற்ற வாயைப் பாக்காத, காலைப் பார் எண்டு சொல்லித்தான் அனுப்பினவள்."

மாஸ்டர் காலைத் தூக்கி முழங்காலுக்கு மேல் போட்டு, வேறு யாரோ அதைக் காருக்குள் மறந்துவிட்டுப் போனதுபோல் அந்தச் சப்பாத்தைப் பார்த்தார்.

பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். கனடாவுக்கு வந்த புதிதில் வார இறுதிகளில் அரங்கேற்றங்களுக்கு மிருதங்கம் வாசித்தவராம். மணிக்கட்டில் நோ வந்து, வைத்தியர் சொல்லி, பன்னிரண்டு வருடத்துக்கு முன் விட்டுவிட்டாராம்.

"கைதான் விட்டிருக்குது," என்றார்.

என் கைப்பையில் இருபத்தாறாம், இருபத்தைந்தாம் குறிப்பேடுகள் இருந்தன. எடுத்துப் புரட்டினேன். மாஸ்டரின் வெள்ளைக் கார், பிரேக் பல்ப் கருகியது, மாற்றினேன். ஐந்து மாதம் கழித்து, அதே. ஏழு மாதம் கழித்து, அதே. இரண்டு வருடத்தில் நான்கு தடவை. சாதாரணமாக ஒரு பல்ப் பல வருடம் நிற்கும். ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் வானிலையையும் திருத்தமாக எழுதியிருக்கிறேன். நாலையும் சேர்த்து ஒருமுறை வாசித்திருந்தால், அந்தக் காரில் பிரேக் விளக்கு எரியவேண்டியதைவிட நூறு மடங்கு எரிகிறது என்று தெரிந்திருக்கும். எழுதுகிறவன் கவனமான ஆள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். எழுதிவிட்டால் மறந்துவிடலாம் என்பதற்காகத்தான் நான் எழுதியிருக்கிறேன். நாலு பக்கத்தையும் மாஸ்டருக்குக் காட்டினேன்.

"அப்ப உமக்கும் தெரியேல்லை," என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்ததாகத் தெரிந்தது.

மணி 4.35. விடிந்தால் பரீட்சை. கடைக்குத் திரும்பினோம். ஓய்வு நேரத் திருகை எட்டு விநாடிக்கு வைத்தேன். ஐந்து மின்னலை மாஸ்டர் விட்டுத்தரவில்லை, அப்படியே விட்டேன். ஆனால் அது காலைத் திருத்தாது. மின்னாவிட்டாலும் விளக்கு எரிந்தெரிந்து பொய் சொல்லும். உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாது என்பதுதான் அடிப்படைச் சிக்கல். பிரேக் விளக்கு எரிவது காருக்குள் இருக்கும் ஒருவருக்கும் தெரிவதில்லை, தெருவில் போகும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே மாஸ்டரின் பெடலுக்கு மட்டும் ஒரு சிறு சுவிச் வைத்து, பழைய பெட்டியில் கிடந்த ஒரு பீப்பரை அவருடைய இருக்கைக்குக் கீழே பூட்டினேன். அவர் பெடலைத் தொட்டால் அது கத்தும். வேறு யார் பிரேக் பிடித்தாலும் கத்தாது. 5.50க்கு முடிந்தது.

ஓடிப் பார்க்கப் போனோம். பீப்பர் ஒரு கீர்த்தனைக்கு முழுதாகப் பக்கவாத்தியம் வாசித்தது. சுருதி சேரவில்லை, தாளம் சுத்தம். யசிந்தா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்த சிரிப்பில் ஒரு 'ஸ்ரொப்' பலகையைத் தவறவிடப் பார்த்தார். அதற்கு மாஸ்டர் உண்மையாகவே பெடலை மிதித்தார், அப்போது நீளமாக ஒரு பீப். இரண்டாவது கீர்த்தனையில் நாலு தட்டுக்கு ஒரு பீப்தான். பாட்டை நிறுத்திப் பார்த்தோம். வாய்க்குள் முணுமுணுத்தார், பீப். குதிக்காலை நிலத்தில் ஊன்றச் சொன்னேன். ஊன்றினார். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். இடது கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, மெல்ல, நோவில்லாமல். தொடைக்கு வயர் இல்லை, போகட்டும் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை யசிந்தா பரீட்சையில் தேறினார். பரீட்சகர் காரின் விளக்குகளைப் பார்த்துவிட்டு ஏறினாராம். வெளியே வந்ததும் யசிந்தா என்னைத்தான் முதலில் அழைத்தார். "அண்ணை, ஒருத்தரும் தாளம் போடாமல் ஓடுறது சரியான பயமாக் கிடந்தது. பல்லைக் கடிச்சுக்கொண்டு மனசுக்குள்ள போட்டு ஓடினனான்," என்றார்.

அடுத்த இரண்டு மாதமும் மாஸ்டருக்கு ஒருவரும் பின்னால் வந்து அடிக்கவில்லை. காப்புறுதி புதுப்பிக்கும் நாள் வந்தது. அன்று பிற்பகல் 2.10க்கு, மெல்லிய மழை, அவர் கடைக்கு வந்து கடிதத்தை என் கையில் தந்தார். இன்னும் ஒரு வருடத்துக்குப் பயமில்லை. நான் வாசித்து முடித்ததும் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். நன்றி என்று ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்து, பரவாயில்லை மாஸ்டர் என்று சொல்லத் தயாராக நின்றேன்.

"ஏறும்," என்றார். "ஓட்டுநர் பக்கம்."

"எனக்கு லைசன்ஸ் இருக்கு மாஸ்டர். இருபத்தெட்டு வருசமா."

"அது எனக்குத் தெரியும். அண்டைக்கு நீர் எனக்குப் பின்னால வந்த இடைவெளியையும் எனக்குத் தெரியும். லைற் பொய் சொன்னது சரி. அதுக்காகப் பம்பருக்குள்ள வந்து நிண்டோ எண்ணுறது? ஏறும்."

ஏறினேன். முதலாளி கதவருகில் வந்து நின்று கைகாட்டி அனுப்பினார். மல்வேர்னையும் மோர்னிங்சைட்டையும் சுற்றி ஐம்பது நிமிடம் ஓட்டவைத்தார். முன்னால் போகும் வாகனம் ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதும் வாய்விட்டு எண்ணவேண்டும், நான் அந்தக் கம்பத்துக்கு வருமுன் மூன்று முடிந்திருக்க வேண்டும். எண்ணுவதில் எனக்கு நிகரில்லை என்று நினைத்திருந்தேன். நான் வேகமாக எண்ணுகிறேன் என்று ஆறு தரம் திருத்தினார். கீர்த்தனை ஓடியது. அவரது குதி நிலத்தில் இருந்தது, கை தொடையில் இருந்தது.

அந்த ஐம்பது நிமிடத்தில் பீப்பர் ஒரே ஒரு தரம்தான் கேட்டது. ஷெப்பர்ட் சந்திக்குக் கிட்ட முன்னால் போன பஸ் நின்றது, நான் இரண்டு வரை எண்ணியிருந்தேன், மாஸ்டர் பொறுக்கவில்லை.

கடைக்கு வந்ததும் குறிப்பேட்டைத் திறந்து, நேரத்தையும் மழையையும் எழுதி, அதற்குக் கீழே இப்படி எழுதினேன்: பீப்பர் ஒழுங்காக வேலை செய்கிறது.